அடிக்கிறதா, தடுக்கிறதா

கோத்தகிரி
12-3-1981

அன்புள்ள எட்மண்ட் மச்சானுக்கு,

வீரையா எழுதுறேன். இங்க நான், வீட்டுக்காரி மாரியாயி, தங்கச்சி தெய்வம்மா மூணு பேரும் குளிர்ல நடுங்கிக்கிட்டு, ஆனா நோய்நொடி இல்லாம இருக்கோம். நீயும் உங்கம்மா தபித்தாளம்மாவும் அதே மாதிரி இருக்கணும்னு நம்ம தோட்டத்து மாரியம்மாவையும் உங்க மாதாவையும் ஒண்ணாச் சேர்த்துக் கும்பிட்டுக்கிறேன்.

இந்தியப் பிரஜைன்னு கப்பலேத்தி விட்ட பிறகு மண்டபம் கேம்ப்ல கிடந்தோம், அங்க இருந்து இந்த மலைக்கு அனுப்பினாங்க. தூரத்துல இருந்து பாத்தா மஸ்கெலியான்னே நினைப்பே. அதே தேயிலை, அதே மூட்டம், அதே வரிசை வரிசையான லயத்து வீடுங்க. கிட்டப் போனாத்தான் முகமெல்லாம் வேற. அங்க நம்மளை இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரன்னு கூப்பிடுறாங்க. எந்தப் பக்கம் போனாலும் நான் வெளியூர் டீம்தான் போல.

ஒரு நல்ல சேதி. இங்க ஸ்டோர்கீப்பர் சுடலைமணின்னு ஒருத்தர். தோட்டத்து கிரிக்கெட் டீமுக்கு அவர்தான் கேப்டன். "ஏனுங்க, சிலோன்ல நல்லா கிரிக்கெட் ஆடுவாங்களாமே, நீங்க ஆடுவீங்களா?"ன்னு கேட்டார். ஓப்பனிங் இறங்குவேன்னேன். வருசா வருசம் மே மாசம் குன்னூர்க்காரங்களோட ரெண்டு நாள் ஆட்டம் இருக்காம். சனி, ஞாயிறு. ஆளுக்கு ரெண்டு இன்னிங்ஸ். முடியாட்டி டிரா. நம்ம ஊர்ல ஆடினோமே, அதே மாதிரிதான். என்னைச் சேர்த்துக்கிட்டார்.

அதுல இருந்து நம்ம கடைசி ஆட்டமே ஞாபகத்துல ஓடுது. நான் கப்பலேறுறதுக்கு முந்தின வாரம். பொழுது சாயற வரைக்கும் நின்னாப் போதும், டிரா. நீயும் நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். திடீர்னு நீ ஏன் இறங்கி வந்து அடிக்கப் போனே? ஸ்டம்பிங் ஆனே, உன் பின்னாடி வந்தவன் எல்லாம் வரிசையா வந்தான், போனான். தோத்தோம். எனக்குக் கோபம் இல்ல மச்சான். விளங்கல, அவ்வளவுதான். ரெண்டு நாள் ஆட்டத்துல அடிக்க என்ன அவசரம்?

உன் இந்தியப் பாஸ்போர்ட் என்னாச்சு? தெய்வம்மா கேக்கச் சொல்லல. ஆனா நான் கேக்குறேன்.

உன் பதிலைப் பாத்துக்கிட்டிருக்கும்
வீரையா


ஆனைக்கல் தோட்டம், மஸ்கெலியா
6-4-1981

என் பிரியமுள்ள வீரையாவுக்கு,

உன் கடதாசி தவக்காலத்தின் நடுவில் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாதாவையும் மாரியம்மாவையும் சேர்த்துக் கும்பிட்டாய் என்றதும் சிரித்தாள். மூட்டுவலியைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நான் இன்னும் அதே கணக்குப்பிள்ளைதான். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு, மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுவை.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அந்தச் சுழல்பந்துக்காரன் போடும்போது நம்மைச் சுற்றி எத்தனை கை இருந்தது, நினைத்துப் பார். மட்டையில் பட்டு விழுந்த பந்து ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் விரல் நுனிக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. நீ அதைத் தடுப்பு என்கிறாய். நான் அதைத் தப்பித்தல் என்கிறேன். அவர்கள் தலைக்கு மேலே ஒன்று தூக்கினால் இரண்டு பேராவது எல்லைக்கோட்டுக்கு ஓடுவார்கள். பிறகு நீ விரும்பியபடி பொழுது சாயும் வரைக்கும் தடுத்துக்கொண்டிருக்கலாம். ஆட்டத்தை முடிக்க நான் அடிக்கவில்லையடா. நமக்கு மூச்சுவிட இடம் வேண்டுமென்று அடித்தேன். பந்து திரும்பிவிட்டது. எண்ணம் தப்பில்லை.

நீண்ட ஆட்டம் என்றாலே மட்டையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று யார் சொன்னது? நேரம் நிறைய இருக்கிறவன்தான் ஒன்றுமே செய்யாமல் கெட்டுப்போகிறான்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் எனக்கு இந்தியாவுக்கும், அம்மாவுக்கு இலங்கைக்கும் மனுப் போட்டார். ஒன்று தவறினால் ஒன்று கிடைக்கும் என்று நினைத்திருப்பார். அம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, அவளால் இனி அங்கே குடியேற முடியாது. எனக்கு வந்ததும் வருகிறேன். வேறு என்ன யோசனை எனக்கு? தெய்வம்மாவிடம் சொல்.

உன் மறுமுனை ஆட்டக்காரன்
எட்மண்ட்


கோத்தகிரி
25-5-1981

அன்புள்ள மச்சான்,

ஆட்டம் முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இன்னும் எனக்கு மண்டை குழம்பிக் கிடக்கு. நடந்ததை அப்படியே எழுதுறேன், நீ சொல்லு.

சனிக்கிழமை குன்னூர்க்காரங்க வெளுத்துட்டாங்க. நாங்க பாதிக்கும் குறைவா எடுத்து சுருண்டோம். திரும்பவும் எங்களையே ஆடச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை முழுசா நின்னாத்தான் டிரா. சுடலைமணி வந்து, "வீரையா, தோக்கறது தோக்கறதுதானுங்க, நாலு அடி அடிச்சுட்டுத் தோப்போம். ஊட்டியில இருந்தெல்லாம் பாக்க வந்திருக்காங்க"ன்னார். நான் தலையாட்டினேன். உள்ள போனதும் கை வரல. எனக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சேன். காலையில இறங்கினவன் பொழுது சாயறப்போ வெளிய வந்தேன். அவுட் ஆகல. டிரா.

ஜெயிச்ச மாதிரி வருவாங்கன்னு நினைச்சேன். ஒரு ஆள் கை தட்டல. நம்ம டீம் பையன்களே, "சிலோன்காரருக்குப் பந்துன்னா பயம்"னு எனக்குக் கேக்கறாப்ல பேசினாங்க. சுடலைமணி மட்டும் பக்கத்துல வந்து, "காப்பாத்திட்டீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா பாக்க வந்தவங்க மத்தியானச் சோத்துக்கு எந்திரிச்சவங்க திரும்பி வரவே இல்லைங்க"ன்னார்.

தோக்காம இருந்ததுக்கு ஒரு மனுசன் ஏன் வெக்கப்படணும்? ஆனா வெக்கமாத்தான் இருந்தது. நீ சொன்னதுதான் சரியோன்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். நீ சொன்னதைச் செஞ்சிருந்தா தோத்திருப்போமேன்னும் யோசிச்சேன்.

இன்னொரு விசயம். கூடலூர்ப் பக்கம் காத்தமுத்துன்னு ஒருத்தர், நம்மளை மாதிரி கப்பல்ல வந்தவர்தான், சொந்த ஊர் பதுளைப் பக்கம். லாரி ஓட்டுறார். தெய்வம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். குடி கிடையாது, நல்ல மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்க. இப்போதைக்குப் பேச்சு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். யாருக்காகன்னு உனக்குத் தெரியும்.

வீரையா


ஆனைக்கல் தோட்டம், மஸ்கெலியா
10-9-1981

என் பிரியமுள்ள வீரையாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதக்கூடிய மனநிலையில் இல்லை. பேப்பரில் பார்த்திருப்பாய். இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் சிங்களக் கும்பல்கள் நம் ஆட்களின் லயங்களைக் கொளுத்தின. எங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களைத் தேயிலைக்குள் ஓடவைத்தார்கள். அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. கோழிகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது.

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கொடுத்தார்கள். இனி இங்கிலாந்து, இந்தியா, எல்லாரோடும் ஐந்து நாள் ஆடலாம். மஸ்கெலியா பஜாரில் பட்டாசு. பேக்கரி முதலாளி ஒரு சிங்களவர், என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம டீம், எட்மண்ட், நம்ம டீம்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. அதற்கடுத்த மாதம் தேயிலைக்குள் படுத்திருந்தபோது அந்த "நம்ம" யார் என்று யோசித்தேன்.

நீ நாள் முழுதும் நின்றதை வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கெட்ட பந்து ஒன்றுகூடவா வரவில்லை, அத்தனை பொழுதும்? கால் பக்கம் முழுநீளத்தில் விழுந்ததையும் தடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். நல்ல பந்தைத் தடுப்பது மரியாதை. கெட்ட பந்தையும் தடுப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் எழுந்து போனார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டும் ஒரு கடிதம். கொஞ்சம் தவணை கேட்டிருக்கிறேன். அம்மாவின் விஷயத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

எட்மண்ட்


கோத்தகிரி
2-3-1982

அன்புள்ள மச்சானுக்கு,

உன் பக்கம் இருந்து தீபாவளிக்கும் எழுத்து இல்ல, பொங்கலுக்கும் இல்ல. இங்க எல்லாரும் சுகம். அம்மா எப்படி இருக்காங்க?

கொழும்புல உங்க முதல் டெஸ்ட்டை ரேடியோவுல கேட்டேன். ஸ்டோர்ல சுடலைமணியும் கூட இருந்தார். "உங்க ஊர் ஆடுதுங்க"ன்னார். எங்க ஊர்னா எதுன்னு கேக்க வாயெடுத்து விட்டுட்டேன். மூணு விக்கெட்டுக்கு நூத்தி அறுபத்தேழு. இங்கிலாந்துக்காரனையே முழிக்க வச்சுட்டாங்கன்னு நான் எந்திரிச்சு நின்னுட்டேன். பிறகு எட்டு ரன்னுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. எட்டு ரன்னு மச்சான். யாராவது ஒருத்தன் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு நின்னிருந்தா போதும். இப்பச் சொல்லு, அஞ்சு நாள் ஆட்டத்துக்கு எது வேணும்?

கிரிக்கெட்டு போகட்டும். காத்தமுத்து வீட்டுல இருந்து மறுபடியும் வந்தாங்க. இந்தத் தடவை நான் பதில் சொல்றதுக்கு முன்னால தெய்வம்மாவே, "கொஞ்ச நாள் பொறுங்க"ன்னுட்டா. அவங்க போன பிறகு நான், "எட்மண்டுக்கு எழுதுறேன், எப்ப வர்றேன்னு கேக்குறேன்"னேன். அவ கொழுந்துக் கூடையைத் தட்டி வச்சுட்டு, "எப்ப வர்றார்னு கேக்காதீங்க அண்ணே. வர இஷ்டமான்னு கேளுங்க"ன்னா.

ஆகவே கேக்குறேன். உனக்கு வர இஷ்டமா?

வீரையா


ஆனைக்கல் தோட்டம், மஸ்கெலியா
11-4-1982

என் பிரியமுள்ள வீரையாவுக்கு,

இன்று உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். அம்மா உன்னையும் மாரியாயியையும் தெய்வம்மாவையும் ஆசீர்வதிக்கச் சொன்னாள்.

நீ ரேடியோவில் கேட்டாய். நான் அதைப் பற்றிப் பேப்பரில் வந்ததெல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் அடித்து அவுட்டாகவில்லையடா. அதுவரை அடித்து ஆடினார்கள், ரன் வந்தது. பிறகு, ஐயோ ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறதே என்று பயந்தார்கள். பயந்ததும் கால் நகரவில்லை. கால் நகராதவனை எந்தப் பந்தும் அவுட்டாக்கும். அடிக்கிறவனும் சாகிறான், தடுக்கிறவனும் சாகிறான், நடுவில் நின்று யோசிக்கிறவன்தான் இரண்டு தடவை சாகிறான். எட்டு ரன்னில் நடந்தது அதுதான். அவர்களுக்குக் காலம் கொடு. எல்லைக்கோட்டைப் பார்த்து ஆடுகிற கூட்டம் அது. ஐந்து நாள் ஆட்டத்தையே மாற்றுவார்கள்.

செப்டம்பரில் மெட்ராஸில் டெஸ்ட் என்று பேசிக்கொள்கிறார்கள். இலங்கை டீம் இந்தியாவுக்கு வருகிறது. நினைத்துப் பார், சேப்பாக்கத்தில் நீயும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்து பார்ப்பது.

இங்கே மழை தொடங்கவில்லை. கொழுந்து குறைவு. அம்மாவை ஹட்டனில் சின்னம்மா வீட்டில் விடலாமா என்று ஒரு யோசனை. சின்னம்மாவின் மருமகளுக்கு இஷ்டமில்லை போல.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டேன் என்று நினைக்காதே. எழுதுகிறேன்.

எட்மண்ட்


கோத்தகிரி
3-6-1982

எட்மண்ட் மச்சானுக்கு,

இந்த வருசம் நான் அடிச்சேன்.

நீ சொன்னதுக்காக இல்ல. சுடலைமணி சொன்னதுக்காகவும் இல்ல. ஏன்னு எனக்கே தெரியல. போன வருசம் மாதிரியே ஞாயித்துக்கிழமை, ஆனா இந்தத் தடவை ஜெயிக்கறதுக்கு ஒரு வழி இருந்தது. தூரமான வழி. முதல் ஓவர்லயே ஒண்ணு கால் பக்கம் முழுநீளத்துல வந்தது. உன் எழுத்து ஞாபகம் வந்துச்சோ என்னமோ, சுத்தினேன். வேலியைத் தாண்டித் தேயிலைக்குள்ள போயிருச்சு. பந்தைத் தேடிக்கிட்டிருந்த நேரம் முழுக்க நான் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன். பிறகு நிறுத்தத் தெரியல மச்சான். எல்லைக்கோட்டுல ஆளுங்க நிக்க நிக்க அவங்க நடுவுல அடிச்சேன். நீ சொன்ன மாதிரியே மட்டையைச் சுத்தி நின்னவன் எல்லாம் ஓடிட்டான். இடம் இருந்தது. எங்க பாத்தாலும் இடம்.

கடைசி ஒரு மணி நேரம் இருக்கறப்போ அவுட்டானேன். இன்னொண்ணு தூக்கப் போய் நேரா கையில. நான் போனதும் மத்தவங்களும் என்னை மாதிரியே அடிக்கப் போய் மளமளன்னு விழுந்தாங்க. தோத்துட்டோம். நான் நின்னிருந்தா டிரா. சத்தியமா டிரா.

என்ன செஞ்சாங்க தெரியுமா? என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. போன வருசம் பயந்தாங்குளின்னு சொன்ன அதே பையன்க. குன்னூர் கேப்டன் வந்து கை கொடுத்தார். சுடலைமணி கண்ணு கலங்கி, "இப்படி ஒரு ஆட்டம் பாத்ததில்லைங்க"ன்னார். காப்பாத்தினப்ப ஏசினாங்க, தோக்க வச்சப்ப தூக்கறாங்க. தோள்ல உக்காந்துக்கிட்டு நான் அழுதேனா சிரிச்சேனான்னு தெரியல. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது மச்சான். அதுதான் பயமா இருக்கு.

வீட்டுல வந்து சொன்னேன். மாரியாயி சந்தோசப்பட்டா. தெய்வம்மா, "தோத்துட்டு வந்து ஏன் சிரிக்கிறீங்க?"ன்னா.

நீயும் ஏப்ரல்ல இருந்து பதில் எழுதல. மெட்ராசுக்கு வர்றதா இருந்தா சொல்லு. சுடலைமணியோட மச்சினர் அங்க இருக்கார், டிக்கெட்டுக்கு வழி செய்வார். நான் தெய்வம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன். நேர்ல பேசிக்கலாம்.

வீரையா


ஆனைக்கல் தோட்டம், மஸ்கெலியா
20-8-1982

வீரையா,

வருகிறேன். ஆட்டம் பார்க்க இல்லை, ஒரேயடியாக வருகிறேன். அம்மாவிடம் பேசிவிட்டேன். அவளே புறப்படச் சொல்கிறாள். டெஸ்ட்டுக்கு முன்னால் கப்பலேறிவிடுவேன். மண்டபத்தில் பெயர் பதிந்துவிட்டு நேரே மெட்ராஸ். கடைசி இரண்டு நாளும் மைதானத்தில் இருப்பேன். நீங்கள் உள்ளே போகும் வாசலில் காலையிலேயே நில்லுங்கள்.

இஷ்டமா என்று கேட்டாளே. இஷ்டம் என்று சொல்.

எட்மண்ட்


கோத்தகிரி
27-9-1982

எட்மண்டுக்கு,

நீ வரல.

உனக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு முதல்ல பயந்தோம். நேத்து ஹட்டன்ல இருந்து வந்த ஒரு குடும்பம் உன்னைத் தோட்டத்துல பாத்ததாச் சொன்னாங்க. உசிரோட இருக்கே. அது போதும்னு நினைக்கப் பாக்கறேன்.

மெட்ராஸ்ல நடந்ததை எழுதுறேன். ரெண்டு நாளும் காலையில வாசல்ல நின்னோம். தெய்வம்மா கோத்தகிரி சந்தையில வாங்கின நீலச் சேலை கட்டியிருந்தா. கூட்டம் எல்லாம் உள்ள போன பிறகும் நின்னோம். போலீஸ்காரர் வந்து, "யாருக்காகம்மா நிக்கறீங்க?"ன்னு கேட்டார். "ஊர்க்காரர் வர்றார்"னு அவதான் சொன்னா.

சிலோன் டீமோட ரெண்டாவது இன்னிங்ஸ் நடந்துக்கிட்டிருந்தது. அவங்க ஆள் ஒருத்தர், முதல் இன்னிங்ஸ்லயும் நூறு அடிச்சவராம், இதுலயும் அடிச்சார். குட்டையான ஆள். தோக்கற நிலைமையில இருந்துக்கிட்டு அப்படி அடிக்கிறார் மச்சான். கட்டையைப் போடுவார்னு எல்லாரும் பாத்தா, இறங்கி வந்து தூக்குறார். நீ எழுதினதெல்லாம் கண்ணு முன்னால நடந்தது. நீண்ட ஆட்டத்துல இதுக்கும் இடம் இருக்கு. ஒத்துக்கறேன். நான் கை தட்டிட்டேன். பக்கத்துல இருந்தவர், "நீங்க எந்த ஊருங்க?"ன்னார். கோத்தகிரின்னேன். இந்தியா விக்கெட் எடுத்தப்பவும் கை தட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். எனக்கே என்னைப் பாத்தா ஒரு மாதிரிதான் இருந்தது.

கடைசி நாள் இந்தியாவுக்கு ஜெயிக்க வழி இருந்தது. அடிச்சாங்க. விக்கெட் விழ விழ இன்னும் அடிச்சாங்க. ஏழு போன பிறகு நிறுத்திட்டாங்க. சிலோனும் ஜெயிச்சிருக்கலாம், இந்தியாவும் ஜெயிச்சிருக்கலாம். கடைசியில கை குலுக்கிட்டுப் போயிட்டாங்க. தெய்வம்மா கேட்டா, "அவ்வளவுதானா அண்ணே? இனி இல்லையா?" இல்லைம்மா, டிரான்னேன். "அஞ்சு நாள் ஆடிட்டா?"ன்னா.

மேட்டுப்பாளையத்துல பஸ்ஸுக்கு நின்னப்ப அவளா ஆரம்பிச்சா. "கூடலூர்க்காரருக்குச் சரின்னு சொல்லி விடுங்க." நான், "இன்னும் கொஞ்சம் பாப்போம், ஏதாவது காரணம் இருக்கும்"னேன். "காரணம் இருக்கும். நான் இல்லைன்னு சொல்லல. காரணத்தோட குடும்பம் நடத்த முடியுமா?"ன்னா. நேத்து அவளே காத்தமுத்து வீட்டாளுங்க முன்னால வந்து நின்னு சரின்னு சொல்லிட்டா. தை மாசம் கல்யாணம்.

உன்னை ஏசறதுக்கு உட்கார்ந்தேன். எழுதி முடிச்சுப் பாத்தா கிரிக்கெட்டுதான் நிறைய இருக்கு. என்ன ஆச்சு உனக்கு?

வீரையா


ஆனைக்கல் தோட்டம், மஸ்கெலியா
30-9-1982

என் பிரியமுள்ள வீரையாவுக்கு,

இதை நீ முழுதும் வாசிக்க வேண்டும். பாதியில் கிழித்துப் போடாதே.

நான் புறப்பட்டேன். ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சியில் ஏறினேன். அந்த ரயிலுக்கு ஏன் அந்தப் பெயர் என்று உனக்குத் தெரியும், நீ ஏறியபோது நான் மேடையில் நின்று அழுதவன்தானே. அம்மாவும் ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை. நெற்றியில் சிலுவை போட்டு, "போயிட்டு வா" என்றாள். நம் ஆட்களுக்குப் போ என்று சொல்ல வாய் வராது, பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டாள். இந்தப் பாஸ்போர்ட்டில் போனவன் திரும்பி வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

தலைமன்னார் வரைக்கும் வந்தேன் மச்சான். இறங்குதுறைப் பாலத்தில் வரிசையில் நின்றேன். கப்பல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. எனக்கு முன்னால் இரண்டே குடும்பம். அப்போது காலை எடுத்து வைக்க முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அடுத்த கப்பலில் போவோம் என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பவும் இல்லை. துறைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே ரேடியோ. மெட்ராஸ் ஆட்டத்தை முழுக்க அங்கேதான் கேட்டேன். கப்பல் வரும், எழுந்து போய் நிற்பேன், கப்பல் போகும், திரும்பி வந்து உட்காருவேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ரேடியோவில் ஜனங்கள் கை தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதில் உன் கை எது என்று தேடினேன். அவள் அங்கே நிற்பாள் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். டிரா என்று சொன்னதும் மலைக்குத் திரும்பும் கோச்சியில் ஏறிவிட்டேன்.

அடித்து ஆடு, அடித்து ஆடு என்று உனக்கு எத்தனை பக்கம் எழுதினேன். மட்டை கையில் இருந்தால் எனக்குப் பயம் இல்லை. பெட்டி கையில் இருந்தபோது தெரிந்தது நான் யாரென்று. அதுவும் சரியாகத் தெரியவில்லை. பயந்தேனா, அம்மாவுக்காக நின்றேனா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை வீரையா.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. சின்னம்மாவே வந்து அம்மாவைக் கிறிஸ்மஸுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். மருமகளும் சம்மதித்துவிட்டாள். தை பிறந்ததும் வருகிறேன். இந்தத் தடவை நிற்க மாட்டேன். அதுவரை மட்டும் பொறுக்கச் சொல். அவளிடம் இதை வாசித்துக் காட்டு.

எட்மண்ட்


கோத்தகிரி
20-10-1982

அன்புள்ள எட்மண்ட்,

உன் கடதாசியும் என் கடதாசியும் நடுக்கடல்ல ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. இதுக்குள்ள என்னுடையதைப் படிச்சிருப்பே.

உன்னுடையது வந்தன்னைக்கு எனக்கு எதுவும் ஓடல. வாசிச்சுக் காட்டறதா, மறைக்கறதா? மாரியாயி வேண்டாம்னா. நீ கேட்டிருந்தே, அதனால வாசிச்சேன். பாலத்துல நீ நின்ன இடம் வந்ததும் நான் நிறுத்திட்டேன். மீதியைத் தெய்வம்மாவே வாங்கி வாசிச்சா. மெதுவா வாசிச்சா. பிறகு மடிச்சு எங்கிட்டயே கொடுத்துட்டு அரிசி களையப் போயிட்டா.

பின்னாடியே போய், "இன்னும் பத்திரிகை அடிக்கல. நீ ஒரு வார்த்தை சொன்னா நான் கூடலூர் போய்ப் பேசறேன், அடி வாங்கினாலும் பரவாயில்ல"ன்னேன்.

"வார்த்தை கொடுத்தது நான் அண்ணே. நாம ரெண்டு தடவை தள்ளிப் போட்டும் அந்த மனுசன் மரியாதையாக் காத்திருந்தார். அவருக்கு ஒரு கப்பலும் இல்ல, ஒரு பாலமும் இல்ல, எப்ப வேணாலும் திரும்பிப் போயிருக்கலாம். போகல."

"உனக்கு வருத்தம் இல்லையா?"

"வருத்தம் வேற, வார்த்தை வேற"ன்னா. களைஞ்ச தண்ணியைச் செடிக்கு ஊத்தினா. பிறகு சொன்னா: "அவங்க அம்மாகிட்ட இருக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவை அங்க போய் நிக்க வேண்டாம். போகாம இருந்தது தப்புன்னு நான் நினைக்கல. வர்றேன்னு சொன்னதுதான்."

இதை அவ சொன்னபடியே எழுதிட்டேன். கூட்டல, குறைக்கல.

எனக்கு உன்மேல கோபம் இருக்கான்னு தேடிப் பாக்கறேன். இருக்கு. ஆனா பிடிக்கப் போனா நழுவுது. நானும் எங்க அம்மாவை அந்த மண்ணுல புதைச்சுட்டுத்தான் கப்பலேறினேன். உசிரோட இருந்திருந்தா ஏறியிருப்பேனான்னு தெரியாது. நீ முதல்லயே வரமாட்டேன்னு எழுதியிருந்தா, தெய்வம்மா ஒரு நாள்ல அழுது முடிச்சிருப்பா. நானும் போன வருசமே நேரா ஒரு கேள்வி கேட்டு உன்னை விட்டிருக்கலாம். கேக்காம ரெண்டு பேரும் மட்டையைப் பத்தியே எழுதிக்கிட்டிருந்தோம்.

சுடலைமணி அடுத்த வருசத்துக்கு இப்பவே கேக்கறார், "அடிச்சு ஆடுவீங்களா, பழைய மாதிரியா?"ன்னு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்றேன். அவருக்கும் குழப்பம்.

பத்திரிகை அடுத்த மாசம் அடிக்கப் போறோம். உனக்கு ஒண்ணு அனுப்பறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. அனுப்பினா உன்னைக் குத்தினதா ஆகும். அனுப்பாட்டி, நம்ம வீட்டு விசேசத்துக்கு உன்னை வேத்தாளாக்கினதா ஆகும். நீயே சொல்லு. நீ ஒண்ணும் எழுதலைன்னா, அனுப்பிருவேன்.

தபித்தாளம்மாவுக்கு மூட்டுக்குத் தேய்க்க இங்க யூகலிப்டஸ் தைலம் நல்லாக் கிடைக்கும். வர்றவங்க போறவங்க யார்கிட்டயாவது கொடுத்து விடப் பாக்கறேன். ஆனா இங்க இருந்து அங்க போறவங்கதான் யாரும் இல்ல.

வீரையா